வெட்டுப்புள்ளி வரும் வரை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் வீடு கலகலப்பாகிவிடும். மாமிமார், சாச்சிமார், பக்கத்து வீட்டார், ரியூசன் ஆசிரியர் என்று எல்லோரும் "என்ன ரிசல்ட்?" என்று கேட்பார்கள். மறுநாளே கேள்வி மாறிவிடும். "கெம்பஸ் கிடைக்குமா?" இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் சொல்லப் பல மாதங்கள் செல்லும்.

நம் மாணவியரில் சிலருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கின்றது. "கிடைத்தாலும் போகலாமா?" சக்கர நாற்காலியில் அல்லது ஊன்றுகோலில் நடமாடும் பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, செவிப்புலன் கருவி அணியும் பிள்ளை, வலிப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளை, மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளை ஆகியோரின் வீடுகளில் இக்கேள்வி எல்லோர் மனத்திலும் கிடக்கும். ஆனால் யாரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. அனுமதி கிடைத்து, பதிவுக்குச் சில நாட்களே இருக்கும்போதுதான் பேச்சு எழும். விடுதி எப்படி, படிகள் எத்தனை, மலசலகூடம் எங்கே, யார் உதவுவார் என்று ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாத இடத்துக்குப் பெண் பிள்ளையை அனுப்ப எந்த உம்மாவுக்கும் மனம் வராது. அவசரத்தில் எடுக்கும் முடிவு "வேண்டாம்" என்று முடிந்துவிடுகின்றது. பதின்மூன்று வருடம் படித்துப் பெற்ற இடம் இவ்வாறு கைநழுவிப் போவது பெரும் இழப்பு.

பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இடையிலுள்ள மாதங்களைச் சரியாகப் பயன்படுத்தினால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கு அந்த மாதங்களில் என்ன நடக்கின்றது, எப்போது எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு காலம்?

2024ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் ஆரம்பமாகி டிசம்பர் 31இல் முடிவடைந்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் 26இல் வெளியானது. ஆனால் பெறுபேறு வந்தவுடன் அனுமதி வந்துவிடுவதில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் நாடு முழுவதற்கும் அனுமதியைத் தீர்மானிக்கின்றது. அது கைந்நூலை வெளியிட்டு, விண்ணப்பங்களைப் பெற்று, மீளாய்வில் மாறிய பெறுபேறுகளையும் சேர்த்துக்கொண்டு, அதன் பின்னரே வெட்டுப்புள்ளிகளை அறிவிக்கும்.

விண்ணப்பிப்பதற்கான அடிப்படைத் தகுதி, ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் ஆகும். இத்தகுதியைப் பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். உள்வாங்கப்படுவோரோ நாற்பதாயிரத்துச் சொச்சம். எனவே தகுதி பெற்றோரை வரிசைப்படுத்த வேண்டியுள்ளது. அதற்குப் பயன்படுவதே இசற் புள்ளி.

இசற் புள்ளி என்றதும் பெற்றார் பலர் மலைத்துப் போகின்றனர். உண்மையில் அது எளிய விடயம். ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரி 50, புள்ளிகளின் பரவல் அளவான நியம விலகல் 10 என்று வைப்போம். அதில் 70 பெற்றவர் சராசரியை விட 20 கூட எடுத்துள்ளார். 20ஐப் பத்தால் வகுத்தால் அவருடைய இசற் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 20. அதிலும் ஒருவர் 70 எடுத்தால் அவருடைய இசற் புள்ளி 0.5 மட்டுமே. இலகுவான தாளில் எடுத்த எழுபதும் கடினமான தாளில் எடுத்த எழுபதும் ஒன்றல்ல என்பதையே இக்கணக்கு காட்டுகின்றது. மூன்று பாடங்களின் இசற் புள்ளிகளினதும் சராசரியே பெறுபேற்றுத் தாளில் தெரியும் இலக்கம்.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாக அடையாளம் காணப்பட்ட மாவட்டங்களுக்கு உரியது. மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, புத்தளம் போன்றன அவற்றுள் அடங்கும். ஒரே புள்ளி பெற்ற இரு மாணவியரில் ஒருவருக்கு அனுமதி கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே யாரும் குறித்து வைக்கும் எல்லையன்று. ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு கற்கைநெறிக்குத் தெரிவான கடைசி மாணவரின் புள்ளியே அது. ஆகவே கடந்த வருட வெட்டுப்புள்ளி ஓர் அடையாளம் மட்டுமே. "போன வருடம் இதைவிடக் குறைவு, ஆகவே நிச்சயம்" என்று இனிப்புப் பகிர்வதும், "போன வருடம் இதைவிடக் கூட, ஆகவே இல்லை" என்று முடங்கிப் போவதும் இரண்டுமே அவசரம். முதற்சுற்றில் சிலர் பதிவு செய்யாமல் விடும்போது வெற்றிடங்கள் மீண்டும் நிரப்பப்படுவதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

தெரிவு முதலில், அனுமதி பிறகு

இங்குதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உள்ளது. விண்ணப்பிக்கும்போதே கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து, விருப்ப வரிசைப்படி நிரல்படுத்திக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு தனிக் குறியீட்டு இலக்கம் உண்டு. நமது புள்ளிக்கு எட்டக்கூடிய தெரிவுகளில் எது மேலே இருக்கின்றதோ அதுவே கிடைக்கும். பின்னர் "இந்த ஊர் வேண்டாம், அந்த ஊர் தாருங்கள்" என்று கேட்டு மாற்றுவது மிகக் கடினம்.

எனவே அனுமதி வந்த பின் வளாகத்தைப் போய்ப் பார்ப்போம் என்று இருப்பது, மாற்றுத்திறனாளி மாணவி ஒருவரைப் பொறுத்தவரை, காலம் கடந்த செயலாகும். விண்ணப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன்னரே பார்க்க வேண்டும். பெறுபேறு வந்து, விண்ணப்ப முடிவுத் திகதி வரையிலான வாரங்களே அதற்குரிய காலம். எல்லா வளாகங்களுக்கும் போகப் பணமும் நேரமும் போதாது. புள்ளியை வைத்துப் பார்த்து, கிடைக்கக்கூடிய முதல் இரண்டு மூன்று இடங்களுக்காவது போவது நல்லது. ஏனைய இடங்களைப் பற்றி, அங்கு படிக்கும் நம் ஊர் மாணவியரிடம் கேட்கலாம்.

பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம், இடம் ஒன்றாக இராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் திருநெல்வேலியில் உள்ளது. பொறியியல் பீடமோ கிளிநொச்சி அறிவியல் நகரில். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில். அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் றாகமையில். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருந்தாலும் அதற்குத் திருகோணமலையில் ஒரு வளாகம் உண்டு. ஆகவே "எந்தப் பல்கலைக்கழகம்?" என்பதோடு "எந்தப் பீடம், எந்த ஊரில்?" என்றும் கேட்க வேண்டும்.

நில அமைப்பும் இடத்துக்கு இடம் வேறு. பேராதனை வளாகம் மலைச்சரிவில் அமைந்தது. மகாவலி அதனூடே ஓடுகின்றது. கலைப்பீடம் ஒரு கரையிலும் பொறியியல் பீடம் மறுகரையிலும் உள்ளன. சரசவி உயன என்ற புகையிரத நிலையம் அருகிலிருப்பது பெரும் வசதி. ஆனால் விடுதிக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. பெலிகுல் ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகமும் மலைப்பாங்கானதே. திருநெல்வேலியும் ஒலுவிலும் சமதரை. அங்கு ஏற்றமில்லை, ஆனால் வெயில் உண்டு. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நிழலில்லாமல் நடக்க வேண்டியிருக்கலாம். கொழும்பில் கலை, சட்டம், விஞ்ஞானம் ஒரு பக்கமும் மருத்துவ பீடம் கின்சி வீதியிலும் உள்ளன. அங்கு முதற்சிக்கல் வாகன நெரிசலும் வீதியைக் கடப்பதுமே. எந்த வளாகமும் ஒரு மாணவிக்கு முழுக்க நல்லதோ முழுக்கக் கெட்டதோ ஆகாது. மூட்டுவலியுள்ள பிள்ளைக்குச் சுமையாகும் மலைப்பாதை, பார்வை குறைந்த பிள்ளைக்கு நெரிசலான நகர வீதியை விட இலகுவாகத் தோன்றலாம்.

போகும் நாளில் என்ன பார்ப்பது?

கற்பித்தல் நடக்கும் வார நாள் ஒன்றிற் போக வேண்டும். விடுமுறையில் போனால் வெறுங்கட்டடங்களைத்தான் பார்க்கலாம். போகுமுன் பீடாதிபதி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல் அனுப்பி அனுமதி பெற்றுக்கொண்டால் வாயிற்காவலில் மறிக்க மாட்டார்கள். தேசிய அடையாள அட்டையையும் பெறுபேற்றுத் தாளின் பிரதியையும் கொண்டு செல்வது நல்லது.

படிக்கப் போகும் பிள்ளை கட்டாயம் உடன் செல்ல வேண்டும். வாப்பாவும் நானாவும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து "அது சரிவராது" என்று சொல்வது நம் குடும்பங்களில் நடப்பதுதான். அவர்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் எந்தப் படி தனக்குக் கடினம், எந்தச் சத்தத்தில் தனக்குக் கேட்காது என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும்.

அங்கு ஒரு மாணவியின் முழு நாளையும் நடந்து பார்க்க வேண்டும். பஸ் தரிப்பிடத்திலிருந்து வாயில், வாயிலிலிருந்து பீடம், பீடத்திலிருந்து நூலகம், சிற்றுண்டிச்சாலை, தொழுகை அறை, மருத்துவ நிலையம், விடுதி என ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒருங்கே நுழையும் நேரத்தில் ஒருமுறை, நண்பகல் வெயிலில் ஒருமுறை நடந்தால் உண்மை விளங்கும்.

கையில் ஓர் அளவுநாடா இருக்கட்டும். சக்கர நாற்காலி செல்வதற்குக் கதவின் திறப்பு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்து அடி விட்டமுள்ள வெளி வேண்டும். சாய்வுப் பாதைக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு 1க்கு 12 ஆகும். அதாவது ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி உயரத்துக்கு நாலடி நீளத்தில் சீமெந்துச் சரிவு போட்டிருந்தால், அது பார்வைக்குச் சாய்வுப் பாதை, பயனுக்குச் சறுக்குமரம்.

மலசலகூடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் ஒரு பெண் பிள்ளை வளாகத்தில் நாள் முழுவதும் இருக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பல இடங்களில் அதுதான். கதவு அகலமா, வாசலில் படி உண்டா, இருக்கை மலசலகூடமா, பிடித்தெழக் கைபிடி உண்டா, வுழூ செய்யத் தண்ணீர்க் குழாய் எட்டுமா என்று பாருங்கள். வசதியில்லாத இடத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகின்றனர். அது சிறுநீர்த் தொற்றில் போய் முடியும்.

விரிவுரை மண்டபங்கள் எத்தனையாம் மாடியில், மின்தூக்கி இருக்கின்றதா, இருந்தால் அது இயங்குகின்றதா என்றும் பார்க்க வேண்டும். இதைக் காவலாளியிடம் கேட்பதை விட அங்கு படிக்கும் மாணவியிடம் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார். பரீட்சை எங்கு நடக்கும் என்பதையும் கேளுங்கள். விரிவுரை கீழ்த்தளத்தில் நடந்தாலும் பரீட்சை மூன்றாம் மாடியில் வைக்கப்படலாம்.

எவருக்கு என்ன உதவி?

விசேட தேவை என்றவுடன் நம் கண்முன் வருவது சக்கர நாற்காலிதான். ஆனால் தேவைகள் பலவகை.

பார்வை குறைந்த மாணவிக்குப் பாடக்குறிப்புகள் மென்பிரதியாக வேண்டும். கணினியிலுள்ளதை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பு மென்பொருள்கள் உள்ளன. என்.வி.டி.ஏ. என்பது இலவசமாகக் கிடைப்பது, தமிழையும் வாசிக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் தமிழ்க் குறிப்புகள் பல இன்னமும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகின்றன. திரையில் "அம்மா" என்று தெரிந்தாலும் கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே பதிவாகியிருக்கும். மென்பொருள் அதை "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்றே வாசிக்கும். அதே குறிப்பை யுனிகோட்டில் தட்டச்சுச் செய்தால் "அம்மா" என்றே வாசிக்கும். "குறிப்புகளை யுனிகோட்டில் தாருங்கள், சேர்" என்ற ஒரு வேண்டுகோள் ஒரு மாணவிக்கு நான்கு வருடப் படிப்பைத் திறந்துவிடும். இதற்குப் பணச்செலவு எதுவுமில்லை.

செவிப்புலன் குறைந்த மாணவிக்கு முன்வரிசை இருக்கையும், பலகையைப் பார்த்தபடி பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசும் விரிவுரையாளரும், முன்கூட்டியே தரப்படும் குறிப்பும் வேண்டும். சைகைமொழி பயன்படுத்துபவராயின் மொழிபெயர்ப்பாளர் பற்றி ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

வெளியே தெரியாத நிலைமைகளும் உள்ளன. தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அவருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரை விட அருகிலுள்ள சிகிச்சை நிலையத்தின் தூரம் முக்கியம். தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் உள்ளது. தெரிவு வரிசையை இடும்போது இதையும் எண்ண வேண்டும். இன்சுலின் எடுப்பவருக்கு விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். வலிப்பு உள்ளவருக்கு மேல்தட்டுக் கட்டில் ஆகாது. அவசரத்தில் என்ன செய்வது என்று தெரிந்த அறைத்தோழி ஒருத்தியாவது வேண்டும்.

எப்படிக் கேட்பது?

முதலாவது, மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல். பார்வையிழந்தோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரிகளுக்கான விசேட ஏற்பாடுகள் அதில் தனியே தரப்பட்டுள்ளன. பலர் வெட்டுப்புள்ளி அட்டவணையை மட்டும் புரட்டிவிட்டு இதைப் பார்க்காமல் விடுகின்றனர். விதிகளும் திகதிகளும் மாறக்கூடும். ஆகவே ராத்தாவின் பழைய கைந்நூலை நம்பாமல் அந்த வருடத்துக்குரியதையே வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆவணங்கள். அரசாங்க வைத்தியசாலை நிபுணரின் அண்மைக்கால அறிக்கை, கண் அல்லது செவிப் பரிசோதனை முடிவு, கிளினிக் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். உயர்தரப் பரீட்சையில் மேலதிக நேரம், எழுதுநர், பிறெய்ல் அல்லது பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற சலுகை பெற்றிருந்தால், பரீட்சைத் திணைக்களம் வழங்கிய அந்தக் கடிதம் மிகப் பெறுமதியானது. பல்கலைக்கழகப் பரீட்சையிலும் அதே சலுகையைக் கேட்பதற்கு அது சான்றாகும்.

மூன்றாவது, கடிதம். அனுமதி உறுதியானவுடன் பீடாதிபதி, பீடத்தின் உதவிப் பதிவாளர், மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர் ஆகியோருக்கு எழுத வேண்டும். நோயின் வரலாறு முழுவதையும் எழுத வேண்டியதில்லை. தேவையை எழுதினால் போதும். ஒரு மாதிரி இது:

"உங்கள் பீடத்துக்கு இவ்வருடம் அனுமதி பெற்றுள்ளேன். இரு கால்களிலும் வலுக்குறைவு உள்ளதால் ஊன்றுகோலின் உதவியுடன் நடக்கின்றேன். ஒரு மாடிக்கு மேல் படியேற இயலாது. ஆகவே விடுதியில் கீழ்த்தள அறை ஒன்றையும், முதலாம் வருட விரிவுரைகளுக்குக் கீழ்த்தள மண்டபத்தையும், பரீட்சை மண்டபத்தில் வாசலுக்கு அருகிலுள்ள இருக்கையையும் ஒழுங்கு செய்து தருமாறு தயவுடன் வேண்டுகின்றேன். மருத்துவ அறிக்கையின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. இது தொடர்பாக நேரில் சந்திக்க ஒரு நாளைக் குறித்துத் தந்தால் நன்றியுடையேன்."

இதில் என்ன முடியாது, என்ன வேண்டும் என்ற இரண்டும் தெளிவாக உள்ளன. "இயன்ற உதவியைச் செய்யவும்" என்று பொதுவாக எழுதினால், வாசிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. கடிதம் கோப்பில் உறங்கும். அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் திகதியுடன் வைத்திருங்கள். நேரில் அல்லது தொலைபேசியில் ஒருவர் உறுதியளித்தால், "நீங்கள் கூறியபடி" என்று தொடங்கி அதையும் எழுத்தில் அனுப்புங்கள்.

இது கையேந்திக் கேட்கும் சலுகை என்று எண்ணித் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி வழங்குவதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கின்றது. பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகக்கூடியதாக அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் இருப்பதால் மட்டும் எல்லாக் கட்டடத்திலும் சாய்வுப் பாதை முளைத்துவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்பவரின் பக்கம் சட்டம் நிற்கின்றது. கேட்பவர் ஒருவர் வந்த பிறகே பல இடங்களில் முதற்பாதை போடப்படுகின்றது.

பெற்றார்க்கு ஒரு சொல்

நம் சமூகத்தில் சில குடும்பங்கள் பெண் பிள்ளையின் வலிப்பையும் செவிப்புலன் குறைவையும் வெளியே சொல்வதில்லை. நாளை கலியாணம் பேசும்போது இது ஒரு பேச்சாகிவிடும் என்ற பயமே காரணம். அந்தப் பயத்தை வெறுமனே பழித்துப் பயனில்லை. ஆனால் அதன் விலையை யார் செலுத்துகின்றார் என்று பார்க்க வேண்டும். செவிப்புலன் கருவியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வரிசையில் இருக்கும் பிள்ளை பாதி விரிவுரையை இழக்கின்றாள். வலிப்பைப் பற்றி அறியாத அறைத்தோழிகள் அவசரத்தில் வாய்க்குள் கரண்டியை வைக்கப் பார்ப்பார்கள், அது ஆபத்து. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. விடுதிப் பொறுப்பாளர், மருத்துவ நிலைய வைத்தியர், மாணவர் ஆலோசகர், நம்பிக்கையான ஒரு தோழி ஆகிய நால்வருக்குத் தெரிந்தால் போதும். யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையுடன் பேசித் தீர்மானியுங்கள்.

பகிடிவதை பற்றிய அச்சமும் நியாயமானதே. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம். யாரிடம் முறையிடுவது என்பதைப் பிள்ளை முதல் நாளே அறிந்திருக்க வேண்டும்.

பணம் பற்றியும் இப்போதே கணக்கிடலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது கிடைத்தாலும் முச்சக்கர வண்டிக் கூலியும் மருந்துச் செலவும் அதற்குள் அடங்காது. விடுதி பீடத்துக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவுக்குச் செலவு குறையும்.

காத்திருக்கும் மாதங்களில்

மாணவியரே, இந்த மாதங்களில் ஆங்கிலம் படியுங்கள், யுனிகோட் தட்டச்சுப் பழகுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியே. அதோடு இன்னும் சிலவற்றையும் பழக வேண்டும். உங்கள் மருந்துகளின் பெயரும் அளவும் உங்களுக்கே மனப்பாடமாக இருக்க வேண்டும். உம்மா எடுத்துத் தரும் வரை காத்திருக்கக் கூடாது. கிளினிக்கில் வைத்தியரின் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். உடுப்புக் கழுவ, சிறு சமையல் செய்ய, பஸ்ஸில் தனியே போய்வர முடிந்தவரை பழகுங்கள். முடியாதவை எவை என்பதும் அப்போது தெரியும். அவற்றையே உதவியாகக் கேட்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் உங்களுக்கு எத்தனை இடங்களில் பிறர் கை தேவைப்படுகின்றது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். உங்கள் கடிதத்துக்கு அந்தப் பட்டியலே அடிப்படை.

வெட்டுப்புள்ளி எட்டாமற் போனாலும், கிடைத்த இடம் உண்மையிலேயே பொருந்தாமற் போனாலும், பாதை அடைபடுவதில்லை. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நாவலையில் மட்டுமன்றிக் கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களிலும் நிலையங்களைக் கொண்டுள்ளது. வீட்டிலிருந்தே பெரும்பகுதியைப் படிக்கலாம். வெளிவாரிப் பட்டங்கள் உண்டு. உயர்தரத்தை மூன்று தடவைகள் வரை எழுதலாம். ஆனால் இவற்றை எட்டிய இடத்துக்குப் போகப் பயந்து எடுக்கும் முடிவாக ஆக்கிவிடக் கூடாது. பார்த்து, அளந்து, கேட்டு, எழுத்தில் பதிலும் பெற்ற பின் "வேண்டாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது அவளுடைய தீர்மானம். ஒன்றையும் பார்க்காமல் மற்றவர்கள் சொல்லும் "வேண்டாம்" அப்படிப்பட்டதன்று.

விண்ணப்ப முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்று வாரம் பின்னோக்கி எண்ணி, போய்ப் பார்க்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவுநாடாவை உம்மாவின் தையற்பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.